விமானம் ஏறினால் வரி விடுமா?

கேள்வி: நானும் கணவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள். இருவருக்கும் 65 ஆகப்போகிறது. போர்ச்சுகலில் குடியேறத் தீர்மானித்துவிட்டோம். விசா, வாடகை எல்லாம் விசாரித்தாயிற்று. "அமெரிக்காவை விட்டுக் கிளம்பினால் வரித் தொல்லையும் மெடிகேர் (65 வயதானோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) தொல்லையும் அன்றோடு விட்டது" என்கிறார் அவர். சரிதானா?
– வாசகி, டாலஸ்

பதில்: இல்லை அம்மா, இரண்டுமே தவறு. விசாவில் பிசகினால் மறுபடி விண்ணப்பிக்கலாம். இதில் பிசகினால் சேமிப்பே கரையும்.

அமெரிக்கக் குடிமக்கள் லிஸ்பனில் இருந்தாலும், உலகில் எங்கிருந்து வரும் வருமானத்தையும் காட்டி ஆண்டுதோறும் அமெரிக்காவுக்கு வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். "வெளிநாட்டில் இருந்தால் 1,30,000 டாலர் வரை வரியில்லை" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். 2025ஆம் ஆண்டுக்கான அந்த வரம்பு உழைத்துச் சம்பாதிக்கும் பணத்துக்கு மட்டும்தான். ஓய்வூதியம், வட்டி, டிவிடெண்ட், வேலையிடத்து ஓய்வுக்காலச் சேமிப்பான 401-கே பணம் எதற்கும் அது செல்லாது. போர்ச்சுகலில் கட்டும் வரியைக் கழித்துக்கொள்ள வழி உண்டு. அதற்கும் படிவம் போட்டாக வேண்டும்.

எனக்கு இதைவிடக் கவலை வங்கிக் கணக்குதான். வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாவற்றிலும் சேர்த்து, ஆண்டில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் 'எஃப்பார்' அறிக்கை தர வேண்டும். ஊரில் அம்மாவின் வைப்புத்தொகையில் உங்கள் பெயரும் கூட்டாக இருந்தால் அதுவும் இதில் சேரும். ருமேனியாவில் பிறந்து அமெரிக்கக் குடிமகனாகி, பிறகு தாய்நாட்டுக்கே திரும்பிய பிட்னர் என்பவர் ஐந்தாண்டு இந்த அறிக்கையை உரிய காலத்தில் தரவில்லை. அவர் வேண்டுமென்றே செய்ததாக அரசு சொல்லவில்லை. ஆனாலும் 272 கணக்குகளைக் காட்டி 27.2 லட்சம் டாலர் அபராதம் கேட்டது. கணக்குக்கு ஒன்றல்ல, அறிக்கைக்கு ஒன்றுதான் என்று 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே அது 50,000 டாலருக்குள் அடங்கியது. தெரியாமல் விட்டவருக்கு அதுவும் அநியாயத் தொகை என்பேன். ஆனால் சட்டம் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. அங்குள்ள வங்கியில் மியூச்சுவல் ஃபண்டு வாங்கச் சொன்னாலும் வாங்காதீர்கள். அதற்கான அமெரிக்க வரி விதிகள் மிகக் கடுமை.

அரசு ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டி பணம் போர்ச்சுகலுக்கும் வரும். அதில் பயமில்லை.

மெடிகேர் வெளிநாட்டு மருத்துவச் செலவைப் பொதுவாகத் தராது. அதனால் மெடிகேரில் மருத்துவர் கட்டணம் முதலியவற்றுக்கான 'பகுதி பி'க்கு எதற்கு வீணாகப் பணம் என்று தோன்றும். 2025 கணக்கில் அது மாதம் 185 டாலர். சேராமல் போய், ஐந்தாண்டு கழித்துத் திரும்பி வந்தால், ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 10 சதவீதம் கூடும். ஆக, 'பகுதி பி' இருக்கும்வரை மாதாமாதம் பாதித் தொகையை அதிகமாகக் கட்ட வேண்டும். அப்போதும் நினைத்த நாளில் சேர முடியாது. ஜனவரி முதல் மார்ச் வரைதான் பொதுவான வாய்ப்பு. வேண்டாம் என்று உங்கள் கணவர் எழுதிக் கொடுக்கும் முன், எழுபது வயதில் உடம்புக்கு முடியாமல் பிள்ளைகளிடம் திரும்ப நேருமா என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.