முழுக்கோழி வாங்குபவர்களுக்கு: கேள்வி பதில்

கொங்குப் பக்கம் கோழிக்கடை நடத்துகிறேன். பிராய்லர், நாட்டுக்கோழி இரண்டும் விற்கிறேன். கொடுக்கும் காசுக்கு நிறையக் கறி வாங்குவது எப்படி என்று கேளுங்கள், தெரிந்ததை மறைக்காமல் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, கோழியை உயிர் எடைக்கு வாங்குவது லாபமா, உரித்த கறியாக வாங்குவது லாபமா?

மற்ற எல்லாமே இந்தக் கணக்கில்தான் அடங்கும், அதனால் விரிவாகவே சொல்கிறேன். உயிரோடு 2 கிலோ இருக்கும் பிராய்லரை அறுத்து, இறகு, குடல், தலை, பாதம் எல்லாம் போனால் தோலோடு சுமார் 1.450 கிலோ நிற்கும். தோலையும் உரித்தால் சுமார் 1.300. கழுத்தும் ஈரலும் சேர்ந்த எடை இது.

உயிர் கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2 கிலோ கோழிக்கு 260 ரூபாய் ஆகிறது. அதை 1.300-ஆல் வகுத்தால் உரித்த கறி கிலோ 200 ரூபாய். தோலோடு என்றால் ஏறக்குறைய 180. கடையில் நின்று வகுத்துக்கொண்டிருக்க முடியாது என்பதால், உயிர் விலையை ஒன்றரையால் பெருக்கிப் பாருங்கள். உரித்த கறியின் விலை அதைவிட நன்றாக மேலே போனால் உயிர் எடைக்கு வாங்குங்கள். அதற்குக் கீழே இருந்தால் உரித்த கறியே லாபம். தோலோடு வாங்குகிறவர்கள் 1.4-ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் முன்னால், பலகையில் எழுதியிருக்கும் விலை எந்த எடைக்கு என்று கேளுங்கள். உயிருக்கா, தோலோடா, உரித்ததற்கா? இதைக் கேட்காமல் நாலு கடை விலையை ஒப்பிடுவதில் பயனே இல்லை.

கேள்வி: ஒன்றேகால் கிலோ கோழி நல்லதா, இரண்டே கால் கிலோவா?

காசு கணக்கில் பெரியதுதான். கோழி வளர வளர, எலும்பைவிடச் சதை வேகமாகக் கூடும், அதிலும் நெஞ்சுக்கறி. பண்ணையில் 40 நாளை ஒட்டி 2 கிலோவைத் தாண்டிவிடும், கறியும் இளசாகவே இருக்கும். முழுசாகச் சுட வேண்டும் என்றால் மட்டும் ஒரு கிலோவை ஒட்டிய கோழி கேளுங்கள், அதுதான் உள்ளே வரை சீராக வேகும். கூண்டிலிருந்து எடுத்ததும் கழுத்தடியைத் தொட்டுப் பாருங்கள். தீனிப்பை உப்பியிருந்தால் உள்ளே இருக்கும் தீவனத்துக்கும் தண்ணீருக்கும் கோழி விலை கொடுக்கிறீர்கள். வேறு கோழி கேளுங்கள்.

கேள்வி: விலை எப்போது குறையும்?

புரட்டாசியில். நம் ஊரில் பாதி வீடு கறியை நிறுத்திவிடும். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களாலும் விற்பனை குறையும். தீபாவளியை ஒட்டி ஏறும். கோடையில் வெயிலுக்குக் கோழி சரியாகத் தின்னாது, எடை பிடிக்காது, சாவும் அதிகம், அதனாலும் வரத்து குறைந்து விலை ஏறும். பிராய்லருக்குப் பண்ணை விலையைப் பல்லடத்தில் நிர்ணயிக்கிறார்கள், முட்டைக்குத்தான் நாமக்கல்லில். பல்லடம் விலை சரிந்து நாலைந்து நாளாகியும் உங்கள் கடைப் பலகை அசையவில்லை என்றால் கடையை மாற்றுங்கள்.

கேள்வி: உயிர்க்கோழி வாங்கலாமா, உரித்ததா, எது மலிவு?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நாட்டுக்கோழி என்று வாங்கினேன். இரண்டு மணி நேரம் வேகவைத்தும் ரப்பர் மாதிரி இருக்கிறது. விலையோ பிராய்லரைப்போல் இரண்டு மடங்கு.

அது முட்டை இட்டு ஓய்ந்த பண்ணைக்கோழியாக இருக்கலாம் அம்மா. முட்டை குறைந்ததும் பண்ணையில் கழித்துவிடுவார்கள். சூப்புக்கு அருமையான கோழி, ஆனால் கழிவு விலைக்குத்தான் விற்க வேண்டும். நாட்டுக்கோழி என்று சொல்லி விற்பது மோசடி.

இனி வாங்கும்போது நெஞ்செலும்பின் பின்நுனியை விரலால் அழுத்துங்கள். குருத்தெலும்பாக வளைந்தால் இளங்கோழி. கல்லுபோல் நின்றால் முற்றியது. சேவல் என்றால் காலில் முள் எவ்வளவு நீளம் என்று பாருங்கள், நீண்டிருந்தால் வயதான சேவல். அப்புறம், பண்ணையில் வளர்க்கும் கலப்பினங்கள் நிறைய வந்துவிட்டன. வனராஜா, கிரிராஜா எல்லாம் நல்ல கோழிகள்தான், ஆனால் அசல் நாட்டுக்கோழி விலை அவற்றுக்குக் கொடுக்கத் தேவையில்லை. உரித்துத் துண்டு போட்டு வைத்திருந்தால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. நாட்டுக்கோழியை உயிரோடு பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கேள்வி: பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களாமே?

இல்லை. வேகமாக வளர்வது இனத்தேர்வாலும் தீவனத்தாலும். ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு ஒவ்வொன்றாக ஊசி போட்டால் பண்ணைக்குக் கட்டுபடியாகாது. கவலைப்பட வேண்டியது கண்டபடி கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக் பற்றி. அதைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: நானும் கடைக்காரன்தான் அண்ணா. உயிர் எடை போட்டு வாங்கியவர் உரித்த பிறகும் எடை காட்டச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எப்படிச் சமாளிப்பது? நீங்கள் மக்களைத் தூண்டிவிடுகிறீர்கள்.

தம்பி, தராசு பக்கத்திலேயே இருக்கிறது. பையை ஒருமுறை வைத்து எடுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? 2 கிலோ கோழி உரித்து 1.150 மட்டும் வந்தால் மீதி எங்கே போனது என்று வாங்குகிறவருக்குக் கேட்கத் தோன்றாதா? கழுத்தையும் ஈரலையும் எடுத்து வைத்தாலே ஏறக்குறைய 150 கிராம் குறைந்துவிடும்.

அதே நண்பர்: ஈரல், கழுத்து வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள். நாங்கள் திருடுவதாகச் சொல்லாதீர்கள்.

வேண்டாம் என்று சொன்னவரிடம் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் தவறே இல்லை. கேட்காமல் எடுத்து, அதே ஈரலைத் தனியாகக் கிலோ கணக்கில் விற்பதைத்தான் சொல்கிறேன். உயிர் எடைக்குக் காசு வாங்கிவிட்டால் அந்தக் கோழி முழுக்க அவருடையது. பாதத்தைச் சூப்புக்குக் கேட்டாலும் கொடுக்க வேண்டும்.

இன்னொருவர்: தோல் கெடுதல்தானே, அதற்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? உரித்ததுதான் எப்போதும் லாபம்.

உடம்புக்கு ஆகுமா என்பது வேறு பேச்சு. காசைப் பொறுத்தவரை தோலுக்கு ஏற்பத்தான் விலை வைக்கிறார்கள். தோலோடு 180, உரித்தது 200 என்றால் இரண்டும் ஒன்றுதான். உரித்ததை 230 என்று விற்கும் கடையில் தோலோடு வாங்கி வீட்டில் நீங்களே உரித்துக்கொள்ளுங்கள்.

கடைக்கார நண்பர்: கூலி, வாடகை, மின்சாரம் எல்லாம் யார் கொடுப்பது?

விலையில் வெளிப்படையாகச் சேருங்கள் தம்பி. உயிர் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூட்டி எழுதுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எடையில் எடுக்கக் கூடாது.

கேள்வி: பிரியாணிக்கு எத்தனை துண்டு போடச் சொல்ல வேண்டும்?

சமையல் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: உறைந்த முழுக்கோழி பாக்கெட் தள்ளுபடியில் கிடைக்கிறது. வாங்கலாமா?

நிகர எடை பார்த்து, அதற்கு விலையை வகுத்துப் பாருங்கள். பைக்குள் பனி கட்டியாகத் திரண்டிருந்தால், இடையில் உருகி மறுபடி உறைந்திருக்க வாய்ப்பு உண்டு, விட்டுவிடுங்கள். வாங்கினால் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள் முழுக்க வைத்து உருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் தெருவில் கிலோ 170 என்று போட்டிருக்கிறார்கள், வாங்கலாமா?

எந்த எடைக்கு?