வாசகர் கேள்வி: எம்டன் கைதிகளும் சிங்கப்பூர் சிப்பாய்களும்

கேள்வி: சென்னையைத் தாக்கிய எம்டனுக்கும் சிங்கப்பூரில் நம் சிப்பாய்கள் ஆயுதம் தூக்கியதற்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், ராயபுரம்

பதில்: உண்டு. 22.9.1914 இரவு ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் நம் துறைமுக எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. பிறகு அது கைப்பற்றிய நிலக்கரிக் கப்பலை ஓட்டிவந்த அதிகாரி லாட்டர்பாக் பிடிபட்டு, சிங்கப்பூரில் ஜெர்மன் கைதிகளை வைத்திருந்த டாங்லின் முகாமில் அடைக்கப்பட்டார். காவலுக்கு நின்றவர்கள் பிரிட்டிஷ் இந்தியக் காலாட்படையான 5ஆம் லைட் இன்ஃபண்ட்ரியின் முஸ்லிம் சிப்பாய்கள்.

அந்தப் படையை ஹாங்காங் அனுப்ப உத்தரவு வந்தது. சக முஸ்லிம்களான துருக்கியரோடு மோதவே கப்பலேற்றுகிறார்கள் என்ற வதந்தி முகாமெங்கும் பரவியது. 15.2.1915, சீனப் புத்தாண்டு விடுமுறை. பிற்பகலில் அலெக்சாண்டிரா முகாமில் தோட்டாப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது முதல் வெடி கேட்டது, பெட்டிகள் உடைக்கப்பட்டன.

தோற்றது ஏன்? படையின் எட்டு கம்பெனிகளில் (உட்பிரிவுகளில்) நான்குதான் எழுந்தன. ஒரே தலைமை இல்லை. ஆட்கள் சிறு குழுக்களாகச் சிதறினார்கள். டாங்லினைத் திறந்துவிட்டு ஜெர்மானியர் கையில் துப்பாக்கியைத் திணித்தார்கள், பெரும்பாலோர் வாங்கவில்லை. லாட்டர்பாக் உள்ளிட்ட சிலர் தப்பியோடியதோடு சரி. அந்த மறுப்புதான் பேரிடி என்பது என் எண்ணம். பிரெஞ்சு, ரஷ்ய, ஜப்பானியக் கப்பல்களிலிருந்து வீரர்கள் இறங்கியதும் எழுச்சி அடங்கியது.

47 பேருக்கு மரண தண்டனை. அவுட்ராம் சிறைச் சுவரோரம், ஊரே பார்க்கச் சுட்டார்கள். எம்டன் குண்டின் நினைவுக் கல்லை உயர்நீதிமன்றச் சுவரில் பார்க்கும்போது இவர்களையும் நினையுங்கள்.