வைஃபை வழியாக வாட்ஸ்அப்பைப் படிக்க முடியுமா? வாசகர் கேள்விகள்

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். ஆட்கள் எங்கள் டிசைனையும் விலையையும் வெளியே அனுப்புவதாகச் சந்தேகம். எல்லோரும் பட்டறை வைஃபையில்தான் இருக்கிறார்கள். ரூட்டரில் பார்க்கலாமா?

பார்க்க முடியாது. எந்த போன் எப்போது வாட்ஸ்அப் சர்வரோடு பேசியது, எத்தனை எம்பி போனது, இதற்கு மேல் ரூட்டருக்குத் தெரியாது. செய்தி அனுப்பும் போனிலேயே பூட்டப்பட்டு, பெறும் போனில்தான் திறக்கும். 2016 ஏப்ரலிலிருந்து இப்படித்தான். நடுவில் யாரிடமும் சாவி இல்லை, வாட்ஸ்அப் நிறுவனத்திடமும்கூட. ஆட்கள் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிட்டால் அந்த எம்பி கணக்கும் கிடைக்காது.

பட்டறைக்குத் தனி சிம் வாங்கி, உங்கள் கையில் இருக்கும் போனில் வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். ஆட்கள் போனிலும் அதே பிசினஸ் ஆப்பை ஏற்றி, 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' வழியாகச் சேருங்கள். நான்கு வரை சேர்க்கலாம். வாடிக்கையாளரோடு அந்த நம்பரில் நடக்கும் பேச்செல்லாம் உங்கள் போனிலும் வரும். இதை ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த போனைப் பெட்டியில் வைத்துவிட்டு மலேசியா போய்விடாதீர்கள். 14 நாளுக்கு மேல் திறக்காவிட்டால் இணைப்புகள் அறுந்துவிடும். ஆட்களின் சொந்த நம்பர் இதில் வராது. அச்சுப் பலகையைப் படமெடுத்து அனுப்புவதை எந்த ஆப்பும் தடுக்காது.

மகன் வெளியூர் ஹாஸ்டலில். நம்பர் கொடுத்தால் சாட் முழுக்கக் காட்டும் ஆப் வாங்கலாமா? (தேவகோட்டை)

வேண்டாம், ஏமாற்று. நம்பரை மட்டும் வைத்து, இப்படி விற்கும் எந்த ஆப்பாலும் எடுக்க முடியாது. நிஜமாக வேலை செய்யும் உளவு ஆப்பை அவன் போனிலேயே ஏற்றி, திரையைப் படிக்க அனுமதி கொடுக்க வேண்டும். அப்போது வங்கி ஓடிபியும் சேர்ந்து எவருடைய சர்வருக்கோ போகும். ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

போலீஸாலும் முடியாதா? (கோட்டையூர்)

வழியில் மறித்துப் படிக்க முடியாது. ஆனால் திறந்த போன் கைக்கு வந்தால் எல்லாம் அதில் இருக்கும். கூகுள் டிரைவ் பேக்கப் இன்னொரு வாசல்: 2021 அக்டோபரில் வந்த பேக்கப் பூட்டை நீங்களே போட்டிருந்தால்தான் அது மூடியிருக்கும். குழுவில் ஒருவர் புகார் அழுத்தினால் கடைசி ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகும். டெலிகிராமில் 'சீக்ரெட் சாட்' தவிர மற்ற சாட்களுக்கு, அனுப்பும் போனில் பூட்டிப் பெறும் போனில் திறக்கும் பூட்டே கிடையாது. பலருக்கு இது தெரிவதில்லை.

என் சாட் வேறொருவருக்குத் தெரிகிறது. (பள்ளத்தூர்)

'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலைத் திறந்து, அடையாளம் தெரியாததை வெளியேற்றுங்கள். போன் லாக்கையும் மாற்றுங்கள். லாக் போட்ட போனில் புதிதாக ஒன்றை இணைக்க அந்த எண்ணோ கைரேகையோ கேட்கும். எனவே இணைத்தது பெரும்பாலும் உங்களை நன்கு தெரிந்த ஆள்தான்.