நிழல்வலைக்குள் தக்காளி நெட்டையாக ஓடுவது ஏன்?

கேள்வி: திருச்சியில் மொட்டை மாடியில் தக்காளி, மிளகாய், கீரை வளர்க்கிறேன். ஏப்ரல் வெயிலில் மதியமானால் செடிகள் துவண்டுவிடுகின்றன என்று 75% பச்சை நிழல்வலை கட்டினேன். இப்போது வாடுவதில்லை. ஆனால் தக்காளி மெலிந்து நெட்டையாக ஓடுகிறது, இலை வெளிறுகிறது, பூவும் உதிர்கிறது. மண்புழு உரமும் பஞ்சகவ்யாவும் கொடுத்துப் பார்த்துவிட்டேன். வேறு என்ன உரம் போடலாம்?

பதில்: உரத்தைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். உங்கள் செடி பசியில் இருக்கிறது, அதை உரம் தீர்க்காது. நாம் மண்ணில் இடுவதெல்லாம் உப்பும் தாதுவும் மாதிரி. சோற்றை இலைதான் ஆக்க வேண்டும். பச்சையம் வெளிச்சத்தைப் பிடித்து, வேர் அனுப்பிய தண்ணீரைப் பிளக்கிறது. அதில் ஆக்சிஜன் வெளியே போய்விடும். கையில் நிற்கும் ஆற்றலைக் கொண்டு, இலைத்துளை வழியாக வந்த கரியமில வாயுவைச் சர்க்கரையாகக் கட்டுகிறது. தண்டு, பூ, காய் எல்லாமே அந்தச் சர்க்கரைதான். 75% வலைக்குக் கீழே 100 பங்கு வெளிச்சத்தில் 25 பங்குதான் இறங்குகிறது. போதாததால் செடி வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டுகிறது. காய்க்கு ஒதுக்கச் சர்க்கரை இல்லாமல் பூவை உதிர்க்கிறது.

அப்படியானால் வலையே வேண்டாமா? வேண்டும், சில மணி நேரத்துக்கு மட்டும். தக்காளி, மிளகாய், கத்திரி இலைகள் உச்சி வெயிலின் பாதியைக்கூட முழுதாகப் பயன்படுத்த முடியாதவை. அதற்கு மேல் வருவது வெறும் சூடு. தண்ணீரைக் காப்பாற்ற இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். உள்ளே கரியமில வாயு குறையும். அந்தச் சூட்டில், கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய நொதி தவறி ஆக்சிஜனைப் பிடிக்கும். செய்த வேலையில் ஒரு பங்கு வீணாகும். மதியம் துவண்டு மாலையில் நிமிர்கிற செடிக்கு நோய் ஏதுமில்லை, தன்னைக் காத்துக்கொள்கிறது.

இலை நன்றாக உழைப்பது காலையில். காற்று குளிர்ந்திருக்கும், துளைகள் திறந்திருக்கும். நிரந்தரமாகக் கட்டிய வலை அந்த நேரத்து வெளிச்சத்தையும் பறித்துவிடுகிறது. என் பார்வையில் உங்கள் தோட்டத்துக்கு நேர்ந்த பெரிய நஷ்டம் இதுதான். வலையைத் திரைச்சீலை மாதிரி கம்பியில் வளையம் போட்டு, இழுத்து விடும்படி அமையுங்கள். காலை 11 மணிக்கு மூடி, மூன்றரைக்குத் திறந்தால் போதும். அடுத்த முறை வாங்கும்போது 50% வெள்ளை வலையாகக் கேளுங்கள். பச்சை வலை, செடி அதிகம் பயன்படுத்தும் சிவப்பு, நீல ஒளியைக் கூடுதலாகத் தடுக்கும். கறுப்புப் பைகளில் வேர் வெந்துபோகாமல் வெளிப்புறம் சாக்கு சுற்றி, மேலே காய்ந்த இலை மூடாக்குப் போடுங்கள்.

கீரைத் தொட்டிகளை வலைக்கு வெளியே எடுத்துவிடலாம். முளைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை எல்லாம் வேறு வகை. கரும்பு, சோளம் போல இவை கரியமில வாயுவை முதலில் ஒரு நொதியால் அள்ளி, உள்ளே அடர்த்தியாகச் சேர்த்துவைத்து அப்புறம் சர்க்கரையாக்கும். கரும்பில் இந்த வழியை ஹட்ச், ஸ்லாக் என்ற இருவர் 1966-இல் ஆஸ்திரேலியாவில் விளக்கினார்கள். கடும் வெயிலிலும் இவை அசராது. தண்ணீர் மட்டும் குறையக் கூடாது. கற்றாழை இன்னும் சாமர்த்தியம்: இரவில் துளையைத் திறந்து வாயுவைச் சேமித்துக்கொண்டு, பகலில் துளையை மூடியபடியே சமைக்கும்.

தக்காளி விஷயத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வெளிச்சத்தைச் சரிசெய்தாலும் கத்திரி வெயிலில் பூ முழுதும் நிற்காது. பகல் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெடும். வெக்கையான இரவில், பகலில் செய்த சர்க்கரையைச் செடியே அதிகம் எரித்துவிடும். இந்தப் பருவத்துக்கு வெண்டையும் கொத்தவரையும் வையுங்கள், தக்காளியை ஆடிப்பட்டத்துக்கு விதையுங்கள்.

இப்போதிருக்கும் செடிகளை ஒரே நாளில் வெயிலுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். நிழலில் விரிந்த இலை மெல்லியது, பொசுங்கிப்போகும். முதல் 3 நாள் காலை 8 மணி வரை மட்டும் வலையை விலக்குங்கள். பிறகு நாளுக்கு அரை மணி நேரம் கூட்டி, பத்து நாளில் 11 மணிக்கு வந்து சேருங்கள்.