ஹீட்டர் பிளக்கை வீட்டிலேயே மாற்றலாமா? (கடிதம்)

அன்புள்ள சார்,

என்னிடம் பழைய டீசல் கார் ஒன்று இருக்கிறது, நான்கு சிலிண்டர். கொஞ்ச நாளாகக் காலையில் செல்ஃபை நீளமாக அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. ஆனதும் ஒரு நிமிடம் உதறுகிறது, பின்னால் வெள்ளைப் புகை. சூடேறிவிட்டால் ஒரு குறையும் இல்லை. ஹீட்டர் பிளக் போயிருக்கும் என்கிறார்கள். நான்கு நட்டு, நான்கு பிளக், நானே மாற்றிவிடலாம் என்று பார்க்கிறேன். மெக்கானிக் நண்பர் ஒருவர் மட்டும், "உடைந்தால் சிலிண்டருக்கு மூடியா மேலே இருக்கிற ஹெட்டையே இறக்கணும், தொடாதே" என்கிறார். அவ்வளவு பயப்பட வேண்டிய வேலையா இது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் சொல்வது உண்மை. எனக்கே நடந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், புது பிளக் வாங்கும் முன் பழையதைச் சோதித்துப் பாருங்கள். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை 16 முதல் 22 மடங்கு வரை நசுக்கும்போது எழும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். இரும்பெல்லாம் குளிர்ந்து கிடக்கும் காலையில் அந்தச் சூட்டில் ஒரு பகுதியைச் சிலிண்டர் சுவரே உறிஞ்சிவிடும். பிளக்கின் முனை 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் பழுத்து அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. அது இல்லாதபோது எரியாமல் வெளியேறும் டீசல்தான் நீங்கள் பார்க்கும் வெள்ளைப் புகை. ஆனால் பேட்டரி சோர்ந்து செல்ஃப் மெதுவாகச் சுற்றினாலும் இதே கூத்துதான். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் காற்றை நசுக்கும் அழுத்தம், குறைந்திருந்தாலும் அப்படித்தான்.

சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். பிளக்கின் தலையில் உள்ள ஒயரைக் கழற்றிவிட்டு, ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் தலையிலும் மற்றதை இன்ஜினின் சுத்தமான உலோகத்திலும் வையுங்கள். நல்ல பிளக் பெரும்பாலும் 2 ஓமுக்குள் காட்டும். மீட்டர் ஒயருக்கே கொஞ்சம் தடை உண்டு என்பதால், இரண்டு முனையையும் தொடவைத்து வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். மீட்டர் அசையவே இல்லை என்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. நான்கும் சரியாகக் காட்டினால், பிளக்குக்கு மின்சாரம் விடும் ஃப்யூஸ், ரிலே பக்கம் போங்கள்.

பிளக்கை நேராக பேட்டரியில் கொடுத்து, பழுக்கிறதா என்று பார்க்கும் பழைய பழக்கம் ஒன்று உண்டு. அதை விட்டுவிடுங்கள். இப்போது வரும் பல பிளக்குகள் 4, 5, 7 வோல்ட்டுக்குச் செய்தவை. 12 வோல்ட் கொடுத்தால் நல்லதும் போய்விடும். வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். மரை பொருந்துகிறது என்பதற்காக வாங்காமல், உங்கள் இன்ஜினுக்கான எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

சரி, கழற்றும் கதைக்கு வருவோம். நான் உடைத்தது நான்காவது பிளக்கை. முதல் மூன்றும் சொன்ன பேச்சைக் கேட்டு வந்துவிட்டன. அந்தத் தெம்பில், வர மறுத்த நான்காவதற்கு நீளமான கைப்பிடியைப் போட்டேன். பிளக் லேசாகத் திரும்பியது. 'வந்துவிட்டது' என்று நினைத்தேன். திரும்பியது தலை மட்டும்; அடிப்பாதி ஹெட்டிலேயே நின்றுவிட்டது. அந்த 'டக்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஹெட்டை இறக்கித்தான் எடுத்தார்கள். வேலையைச் செய்தவர் என்னைத் திட்டக்கூட இல்லை. அதுதான் அதிகம் வலித்தது.

பிளக் பென்சில் கனம்தான். அதைப் பிடித்து வைத்திருப்பது மரை மட்டும் இல்லை. கீழே முனையைச் சுற்றி வருடக்கணக்கில் படிந்த கரியும் சேர்ந்து இறுக்கிப் பிடித்திருக்கும். அதனால் இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெயைப் பிளக்கின் அடியில் விட்டு வாருங்கள். அன்றைக்கு இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, சூடு ஆறும் முன் வேலையைத் தொடங்குங்கள் (கையுறை போட்டுக்கொண்டு). குழியில் கிடக்கும் மண்ணைக் காற்றடித்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் சிலிண்டருக்குள் போகும்.

கழற்றவும் டார்க் ரெஞ்சையே (திருகும் விசையை நியூட்டன் மீட்டர் கணக்கில் காட்டும் ஸ்பேனர்) பயன்படுத்துங்கள். கழற்றுவதற்கும் ஓர் எல்லை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 10 மில்லிமீட்டர் மரை என்றால் 35 நியூட்டன் மீட்டர், 8 மில்லிமீட்டர் என்றால் 20. இதைத் தாண்டினால் உடையலாம். அந்த அளவில் அசையவில்லையா, கையை எடுத்துவிடுங்கள். மறுபடி எண்ணெய், மறுபடி சூடு, மறுநாள். அசைந்தாலும் ஒரே மூச்சில் சுற்றாதீர்கள். கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே, மறுபடி வெளியே. கரி அப்படித்தான் பொடியும். எவ்வளவு சூடாக்கியும் அசையாத பிளக் மீட்டரில் நல்லதாகக் காட்டினால் அதை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. நான்கையும் சேர்த்து மாற்றுவதுதான் முறை என்றாலும், அதற்காக ஹெட்டைப் பணயம் வைக்க வேண்டாம். செத்த பிளக்கே அசையவில்லை என்றால் உங்கள் நண்பரிடம் விட்டுவிடுங்கள்.

மாட்டுவது சின்ன வேலை. குழியில் இருக்கும் கரியை அதற்கான ரீமரில் (குழியைச் சுரண்டிச் சுத்தமாக்கும் கருவி) கிரீஸ் தடவிச் சுற்றி எடுங்கள். கரி கிரீஸோடு ஒட்டிக்கொண்டு வரும். புது பிளக்கை விரலாலேயே கடைசி வரை திருகுங்கள். விரலுக்கு வரவில்லை என்றால் மரை கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம். பிறகு வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். 8 மில்லிமீட்டருக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இருக்கும், கைக்கு ஒன்றுமே இறுக்காத மாதிரி தோன்றும். மேலே ஒயர் நட்டுக்கு அதைவிடவும் குறைவு. செராமிக் பிளக் (முனை பீங்கான் வகையில் செய்தது) கைதவறிக் கீழே விழுந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் மாட்டாதீர்கள். அதன் துண்டு சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டன் கெடும்.

அப்புறம் ஒன்று. மாற்றும் வரை காலையில் ஸ்டார்ட் ஆக, காற்றுக் குழாயில் ஈதர் ஸ்பிரே அடிக்கச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். பழுத்த பிளக்கும் ஈதரும் சேர்ந்தால் உள்ளே வெடிக்கும். வேண்டாம்.

கழற்றிய பிளக்குகளில் எது எந்த சிலிண்டர் என்று எழுதி வையுங்கள். வெறும் கரி என்றால் வயதாகிப் போனது, அவ்வளவுதான். ஏதாவது ஒன்றின் முனை மட்டும் உருகியோ வீங்கியோ இருந்தால் அந்த சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சந்தேகப்பட வேண்டும். அப்படி இருந்தால் படத்தோடு எழுதுங்கள், பார்க்கலாம்.