வீடியோவை வீட்டுக்கு அனுப்பாதீர்கள், டீச்சர்

கேள்வி: அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். முதல் நாள் இரவே பாட வீடியோவை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறேன். 36 பேரில் பத்துப் பேர்கூடப் பார்ப்பதில்லை. மறுநாள் முழுப் பாடத்தையும் நடத்த வேண்டியிருக்கிறது. ஆன்லைனையும் வகுப்பையும் எப்படித்தான் சேர்ப்பது?

பதில்: பிள்ளைகளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பல வீடுகளில் இருப்பது ஒரே போன். அது அப்பாவோடு வேலைக்குப் போய், இரவு ஒன்பது மணிக்குச் சார்ஜ் இல்லாமல் திரும்புகிறது. வீட்டில் வீடியோ, வகுப்பில் பயிற்சி என்ற இந்த முறையைப் பிரபலமாக்கிய பெர்க்மன், சாம்ஸ் என்ற அமெரிக்காவின் கொலராடோ மாநில வேதியியல் ஆசிரியர்கள் 2007-இல் பாடத்தைப் பதிவு செய்யத் தொடங்கியதே வகுப்புக்கு வர முடியாத மாணவர்களுக்காகத்தான். இணையம் இல்லாதவர்களுக்கு டிவிடி போட்டுக் கொடுத்தார்கள்.

சரி, டிவிடி வேண்டாம். வீடியோவை வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். அரசின் பாட வீடியோக்கள் உள்ள தீக்ஷா செயலியில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் அப்போது நெட் தேவையில்லை.

ஓம் விதியையே எடுத்துக்கொள்வோம்: மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டமும் அதே விகிதத்தில் கூடும், வரைபடம் நேர்கோடாக வரும். வகுப்பை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு குழு ஆறு நிமிட வீடியோ பார்த்துவிட்டு, புரியாத ஒரு விஷயத்தை நோட்டில் எழுதட்டும். இன்னொன்று மின்சுற்றை இணைக்கட்டும். மூன்றாவது குழுவுக்குப் போன வகுப்பில் நடத்திய கணக்குகள். 12 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறட்டும். வீடியோ பார்க்காமல் சுற்றைத் தொடும் குழு கொஞ்சம் திணறும், பரவாயில்லை.

நீங்கள் நிற்க வேண்டிய இடம் சுற்றுக்குப் பக்கத்தில். மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரைத் தொடராக இணைக்காமல் பக்க இணைப்பில் கொடுக்க எப்படியும் ஒருவன் கிளம்புவான். முள் கடைசிவரை பாய்ந்து முட்டும். அவன் கையைப் பிடித்து நிறுத்த வீடியோவால் முடியாது.

சுற்றில் மின்தடையாக வைக்கும் நிக்ரோம் கம்பி கிடைக்கவில்லை என்று டார்ச் பல்பை மாட்டிவிடாதீர்கள். சூடேற ஏற இழையின் மின்தடை கூடுவதால், வீடியோவில் நேர்கோடாக வந்த வரைபடம் இங்கே வளைந்துவிடும். (கம்பியில் ஒருமுறை செய்து முடித்த பிறகு நான் வேண்டுமென்றே பல்பை மாட்டுவேன். “அப்போ வீடியோ தப்பா சார்?” என்று யாராவது கேட்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன்.)

கடைசியில் நோட்டுகளைப் புரட்டி, அதிகம் பேர் தடுமாறிய இடத்தை மட்டும் கரும்பலகையில் போடுங்கள். முழுப் பாடத்தையும் மறுபடி நடத்த ஆரம்பித்தீர்களோ, அடுத்த முறை யாரும் வீடியோவைக் கவனிக்க மாட்டார்கள்.

எல்லாப் பாடத்துக்கும் இது வேண்டாம். மாதம் இரண்டு போதும். அப்புறம், முதல் தடவை ஒரு பீரியட் பத்தாது. அடுத்த பீரியடையும் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.