ராத்திரி பட்டினி, காலையில் சர்க்கரை!

கேள்வி: எனக்கு 52 வயது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது இரவுச் சாப்பாட்டையும் அறவே விட்டுவிட்டேன். அப்படியும் காலையில் வெறும் வயிற்றில் 150, 160 என்று காட்டுகிறது. சாப்பிடாமலே எப்படி ஏறும்? வெறுத்துப்போச்சு.

பதில்: மனதை விடாதீர்கள், இது உங்கள் நாக்கு செய்த குற்றம் இல்லை, கல்லீரலின் வேலை. நாம் சாப்பிடாத நேரத்திலும் மூளைக்குச் சர்க்கரை வேண்டுமே, அதைக் கல்லீரல்தான் தன் சேமிப்பிலிருந்து எடுத்தும் புதிதாகத் தயாரித்தும் ரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கும். விடியற்காலையில் கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் கூடுவதால் இன்னும் கொஞ்சம் தாராளமாக விடும். சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு இன்சுலின் அதை அடக்கிவிடும். உங்களுக்கு அது போதவில்லை, அல்லது இருந்தும் கல்லீரல் அதன் பேச்சைக் கேட்பதில்லை.

அதனால் பட்டினி வேண்டாம். சில மாத்திரைகளும் இன்சுலினும் எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தவிர்த்தால் நடு ராத்திரியில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம், அது 160-ஐவிட ஆபத்து. படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்தால் உடனே சோதித்துப் பார்த்து, 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை சாப்பிட்டு, கால் மணி நேரம் கழித்துத் திரும்பவும் பாருங்கள்.

சரி, என்னதான் செய்வது? இரவுச் சாப்பாட்டை அளவாக, கொஞ்சம் சீக்கிரமாகச் சாப்பிடுங்கள். முதலில் காய்கறி, அப்புறம் புரதம், மாவுச்சத்து கடைசியில். இந்த வரிசை மாறினாலே சாப்பிட்ட பிறகு ஏறும் அளவு குறைகிறது. சாப்பிட்டதும் சோபாவில் சாயாமல் பத்து, பதினைந்து நிமிடம் நடங்கள், வேலை செய்யும் தசை இன்சுலினை அவ்வளவாக எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

நாலைந்து நாளைக்குப் படுக்கும் முன்பும் எழுந்ததும் சோதித்து எழுதி வையுங்கள். படுக்கும்போதே அதிகம் என்றால் இரவுச் சாப்பாட்டைப் பாருங்கள். படுக்கும்போது சரியாக இருந்து காலையில் மட்டும் ஏறினால் மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டியிருக்கலாம். அந்தத் தாளை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள், வெறும் ஒரு நாள் ரிப்போர்ட்டைவிட அது அவருக்கு நிறையச் சொல்லும்.

கேள்வி: காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். மீதி நாள் முழுக்க நாற்காலிதான். போதுமா?

பதில்: நடை அருமை, விட்டுவிடாதீர்கள். ஆனால் எட்டு மணி நேரம் அசையாமல் உட்காருவதை அந்த ஒரு மணி நேரம் முழுசாக ஈடுகட்டாது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு, மூன்று நிமிடம் நடங்கள், போன் வந்தால் நின்றுகொண்டே பேசுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும்கூடப் பயிற்சிதான்.

கேள்வி: உடம்பு எடையைக் குறைத்ததில் மூன்று மாத சர்க்கரை சராசரி (HbA1c) 7.8 சதவீதத்திலிருந்து 6.4-க்கு வந்துவிட்டது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: பிரமாதம்! ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த 6.4 மாத்திரையோடு சேர்த்து வந்தது, மாத்திரை இல்லாமல் எவ்வளவு என்பது இன்னும் தெரியாதே. எடை நன்றாகக் குறைந்தவர்களில் சிலர் மருந்தே இல்லாமல் இருக்கிறார்கள் என்பது உண்மை. குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள், அவர் குறைத்தால் அடுத்த சில வாரங்கள் வீட்டில் அடிக்கடி சோதியுங்கள், மூன்று மாதம் கழித்துச் சராசரியை மறுபடி எடுங்கள். முழுக்க நிறுத்தினாலும் கண், சிறுநீரகம், பாதம் மூன்றுக்கும் வருடாந்திரப் பரிசோதனை தொடர வேண்டும்.